வீடு வரும் ஒளியிழை

உத்தியோகத்தின் பொருட்டோ, தொழிலின் பொருட்டோ தமிழகத்தை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு, புதிய ஊரில் வீடு அமைந்தவுடன் செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு. பால்காரரைப் பார்த்து வைத்தல், எரிவாயு இணைப்பை மாற்றுதல், குழந்தைகளுக்குப் பள்ளி தேடுதல், நல்ல இட்லி அரிசியும் காப்பிப் பொடியும் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தல் ஆகிய இவற்றோடு அண்மைக் காலத்தில் மற்றொன்றும் சேர்ந்திருக்கிறது. இல்லத்திற்கு ஒளியிழை வழியாக இணைய இணைப்புப் பெறுவதே அது. அதைப் பற்றிச் சில செய்திகளை இன்று தெரிந்துகொள்வோம்.

ஊரில் இருக்கும் பெற்றோரோடு பேசுவதற்கு நம் முன்னோர் பட்ட பாடு சிறிதன்று. தொலைபேசி நிலையத்தாரின் துணையின்றி நேரே வெளியூருக்குப் பேசும் வசதி நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டில்தான் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதன்முதலாக ஏற்பட்டது. அதன் பின்னரும் நெடுங்காலம் 'டிரங்கால்' பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தவர்களே மிகுதி. பொதுமக்களுக்கு இணைய வசதி 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வந்தது. அது தொலைபேசிக் கம்பி வழியே மெல்ல நடந்து வந்தது எனலாம். 2004-ஆம் ஆண்டில் அரசு வகுத்த கொள்கையில், நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது 'அகலப்பட்டை' எனப்பட்டது. 2023-ஆம் ஆண்டில் அந்தக் கீழெல்லை 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. இன்று நகரத்து வீடுகளில் 100 மெகாபிட் என்பது சாதாரணப் பேச்சாகிவிட்டது. இந்த மாறுதலுக்குக் காரணமாய் நின்றது ஒரு மெல்லிய கண்ணாடி இழையாகும்.

ஒளி, அடர்த்தி மிகுந்த ஊடகத்திலிருந்து அடர்த்தி குறைந்த ஊடகத்தை நோக்கிச் சாய்வாகச் செல்லும்போது, ஒரு குறிப்பிட்ட கோணத்தைக் கடந்துவிட்டால், வெளியே போகாமல் முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். இதனை முழு அக எதிரொளிப்பு என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். கண்ணாடி இழையினுள் ஒளியைக் கட்டிப்போட்டு நெடுந்தூரம் நடத்திச் செல்வது இந்தத் தத்துவமேயாம். பஞ்சாபில் மோகா என்னும் ஊரில் 1926-ஆம் ஆண்டில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டனில் ஹாப்கின்ஸ் என்னும் பேராசிரியரோடு சேர்ந்து, இழைக் கற்றையின் வழியே உருவத்தைக் கடத்திக் காட்டி 1954-ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். தூய்மையான கண்ணாடியாக இருப்பின் நெடுந்தொலைவுச் செய்திப் போக்குவரத்துக்கே இழை பயன்படும் என்று 1966-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டியவர் சார்லஸ் காவ். அதற்காக 2009-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன் 1928-இல் கண்ட விளைவும் இத்துறைக்கு உதவுகிறது. நெடுந்தூர இழைகளில் தளர்ந்து வரும் ஒளிக்கு வலுவூட்டும் முறைகளுள் ஒன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இழை எத்துணை மெல்லியது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு மைக்ரான். நம் வீட்டுக்கு வரும் இழையின் கண்ணாடிப் பருமன் 125 மைக்ரான். அதனுள் ஒளி செல்லும் உட்கரு ஏறத்தாழ 9 மைக்ரான். கண்ணாடியினுள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. தில்லியிலிருந்து சென்னைக்கு இரயில் பாதை ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஒன்றரை நாள் ஓடிச் சேரும் அத்தொலைவை, இழையிலே செல்லும் ஒளி நொடியில் நூறில் ஒரு பங்கு என்னும் அளவில் கடந்துவிடுகிறது.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு ஒரு சிந்தனை இயல்பாகவே எழுகிறது. 'ஒளியிழை' என்னும் தமிழ்ச்சொல் பொருளை உள்ளவாறே காட்டும் நல்ல சொல். ஆனால் தில்லியில் இழையைப் பொருத்த வருகின்ற இளைஞர்கள் அதனைத் 'தார்' என்கின்றனர். இந்தியில் கம்பிக்கு அது பெயர். தார் என்றால் நமக்கு மாலை நினைவுக்கு வரும். வாழைத்தார் நினைவுக்கு வரும். சாலையில் ஊற்றும் தாரும் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர், "தார் வந்துவிட்டதா?" என்று அவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு, வாழைப்பழத்துக்கு யார் சொல்லியனுப்பியது என்று வினவினார். சொல் எதுவாயினும், பொருளைத் தெளிந்துகொண்டால் காரியம் நடக்கும்.

இனி, இணைப்புப் பெறும் முறையைப் பார்ப்போம்.

முதற்கண் அறிய வேண்டியது, நாம் குடியிருக்கும் கட்டடம் வரையில் எந்த நிறுவனத்தின் இழை வந்திருக்கிறது என்பது. விளம்பரத்தைக் காட்டிலும் அண்டை வீட்டாரின் அனுபவமே இதில் நல்ல வழிகாட்டி. மற்றொரு கேள்வியையும் தவறாமல் கேட்க வேண்டும்: இழை வீட்டினுள்ளேயே வருமா, அல்லது கட்டடத்தின் மாடிப்படி வரையில் வந்து, அங்கிருந்து செப்புக் கம்பியாக மாறுமா? இரண்டையும் 'ஃபைபர்' என்றே விற்பவர்கள் உண்டு. செப்புக் கம்பியாயினும் வேலை நடக்கும். ஆயின் மாடிப்படியில் வைத்த பெட்டிக்கு மின்சாரம் நின்றால் கட்டடம் முழுவதற்கும் இணைப்பு நின்றுவிடும். வீடு வரையில் இழையாகவே வரும் முறையில், இடைவழியில் ஒளியைப் பங்கிடும் பெட்டிகளுக்கு மின்சாரமே தேவையில்லை. நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழையின் ஒளி, அப்பெட்டிகளில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. வருகின்ற செய்திக்கு ஓர் அலைநீளம், போகின்ற செய்திக்கு மற்றோர் அலைநீளம் என ஒரே இழையில் இரு வழிப் போக்குவரத்து நடைபெறுகிறது.

அடுத்தது ஆவணம். வெளிமாநிலத்து வாழ்வில் நமக்குத் தடை நேர்வது பெரும்பாலும் இங்கேதான். நம்மில் பலருடைய ஆதார் அட்டையில் ஊர் முகவரியே இருக்கும். அத்தகையோர் வாடகை ஒப்பந்தத்தின் நகலையும், அரசுக் குடியிருப்பில் இருப்போர் வீடு ஒதுக்கிய ஆணையின் நகலையும் தயாராக வைத்துக்கொள்ளல் நன்று. எந்த ஆவணம் ஏற்கப்படும் என்பதை முன்னதாகவே கேட்டு அறிதல் வேண்டும். நகலின் மேல், எந்தக் காரியத்திற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதையும் தேதியையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தருக. தொலைபேசியில் வரும் ஒருமுறைக் குறியெண்ணை, அச்செய்தியில் எழுதியிருப்பது என்னவென்று முழுவதும் படிக்காமல் எவரிடமும் சொல்லலாகாது. வாசலில் நிற்பவர் அவசரப்படுத்துவார். நாம் அவசரப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது கட்டணம். விளம்பரத் தொகையோடு 18 விழுக்காடு சரக்கு சேவை வரியைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கருவிக்கு முன்பணம் உண்டா, அது திரும்புமா, ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு முன்கூட்டியே செலுத்தச் சொல்கிறார்களா என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். மாற்றலாகும் உத்தியோகத்தில் இருப்போர், ஓராண்டுத் தொகையை மொத்தமாகக் கட்டும் முன் இருமுறை யோசிக்க வேண்டும். வேகத்தைக் குறிக்கும் அளவையிலும் ஒரு நுட்பம் உண்டு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே நொடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட்டே ஆகும். ஆயிரம் மெகாபைட் அளவுள்ள ஒரு திரைப்படம் தடையின்றி வருமானால் 80 நொடி பிடிக்கும். குறித்த அளவைத் தாண்டியபின் வேகம் குறைக்கப்படுமா என்பதும், அனுப்பும் வேகம் பெறும் வேகத்துக்கு ஈடாக இருக்குமா என்பதும் கேட்டறிய வேண்டியவை. முகம் பார்த்துப் பேசுவதற்கு அனுப்பும் வேகமே உயிர்நாடி.

நான்காவது, வீட்டுக்காரரின் இசைவு. சுவரில் துளையிடாமல் இழையை உள்ளே கொணர்தல் அரிது. வாடகை வீட்டில் குடியிருப்போர் இசைவை எழுத்தில் பெறுவது பின்னாளைய மனத்தாங்கலைத் தவிர்க்கும். தில்லி, மும்பை, பெங்களூர் போன்ற நகரங்களில் குடியிருப்போர் சங்கங்களின் அனுமதியும் வேண்டியிருக்கும். கட்டடங்களை அவற்றின் இணைய வசதிக்கேற்பத் தரம் பிரிக்கும் விதிமுறைகளை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்டிருக்கிறது. குடிநீரும் மின்சாரமும் போல இதுவும் வீட்டின் இலக்கணங்களுள் ஒன்றாகிவிட்டது என்பதற்கு இது சான்று.

இழையைப் பொருத்தும் நாளில் வீட்டில் பொறுப்புள்ள ஒருவர் இருத்தல் அவசியம். தில்லியின் மேற்குப் பகுதியில் மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, இரண்டு இளைஞர்கள் ஒரு சுருள் இழையும் துளைப்பானும் ஏணியும் கொண்டு வந்தனர். தெருக்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியைத் தீர்மானிப்பது அரைப் பங்கு வேலை. வெயிலும் மழையும் நேரே படாத மூலையாகவும், ஜன்னல் கதவில் நசுங்காத வழியாகவும் அது அமைய வேண்டும். துளையை வெளிப்பக்கம் சற்றே தாழ்த்தி இட்டால் மழைநீர் உள்ளே வாராது. இழையைச் செப்புக் கம்பி போல் மடக்கக் கூடாது. கூர்மையாக வளைத்தால் ஒளி கசிந்துவிடும். "பையா, தார் மத் மோடியே" என்று அன்போடு ஒரு முறை சொன்னால், அவர்களும் சிரித்துக்கொண்டே கவனமாகச் செய்கிறார்கள். மே மாதத்து வெயிலில் ஏணியில் நிற்பவருக்கு ஒரு குவளை மோர் கொடுப்பது நம் வழக்கம். அது வேலையையும் செம்மைப்படுத்தும்.

இரண்டு இழைகளை இணைக்கும் விதம் காணத்தக்கது. முனைகளை நேராக வெட்டி, துடைத்து, சிறு கருவியொன்றில் எதிரெதிராக வைத்து, மின்பொறியால் உருக்கி ஒட்டிவிடுகின்றனர். அப்போது சிந்தும் கண்ணாடித் துணுக்குகளை உடனே எடுத்துவிடச் சொல்ல வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இது மிக முக்கியம். இழையின் முனையைக் கண்ணருகே வைத்து எவரும் பார்க்கலாகாது. அதில் வருவது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி.

வேலை முடிந்தபின் ஒளியின் அளவைக் கருவி கொண்டு அளந்து காட்டச் சொல்லுங்கள். அது கழித்தல் குறியோடு கூடிய எண்ணாக வரும். சுழி என்றால் ஒரு மில்லிவாட். கழித்தல் 20 என்றால் அதில் நூறில் ஒரு பங்கு. எங்கள் வீட்டில் கழித்தல் 19 என்று காட்டியது. கழித்தல் 15-க்கும் 25-க்கும் இடைப்பட்டிருந்தால் நன்று. 27-ஐ நெருங்கினால் இணைப்பு தள்ளாடும். அந்த எண்ணை ஒரு தாளில் குறித்து, பெட்டியின் அருகே ஒட்டி வைப்பது பின்னர் பெரிதும் உதவும்.

வைஃபை வீசும் பெட்டியை வீட்டின் நடுவே, உயரமான இடத்தில் வைக்க வேண்டும். இரும்பு அலமாரிக்குள்ளோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ ஒளித்து வைத்தால் அலைகள் சோர்ந்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது, ஆயின் சுவரைக் கடக்க அஞ்சுவது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மெதுவானது, ஆயின் அடுத்த அறைக்கும் எட்டும். பெட்டியோடு வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிட வேண்டும். பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் செப்புக் கம்பியிலேயே நிலையத்திலிருந்து வந்தது. ஒளியிழை மின்சாரத்தைக் கொண்டுவராது. ஆகவே வீட்டில் மின்சாரம் நின்றால் இணையமும் அதனோடு சேர்ந்த தொலைபேசியும் நின்றுவிடும். சிறிய மின்கல அடுக்கு ஒன்றைப் பெட்டிக்குத் துணையாக வைப்பது, வயோதிகர் இருக்கும் இல்லங்களுக்கு மிகவும் தேவை.

இவ்வளவும் செய்தபின் பழுது வராது என்று சொல்வதற்கில்லை. எங்கள் தகப்பனார் கும்பகோணத்தில் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்த வாரம் அது. நாள்தோறும் மாலையில் அவர் முகத்தைப் பார்த்து, காயத்தைக் காட்டச் சொல்லி, மருந்து வேளைகளைக் கேட்டு வந்தோம். ஒரு நாள் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒளி வந்து சேரவில்லை என்பதற்கு அது அடையாளம். கைபேசியின் அலையோ எங்கள் மாடியில் முகம் தெரியும் அளவுக்கு எட்டுவதில்லை. முறையிட்டோம். எவரும் வராமலேயே, 'பழுது நீக்கப்பட்டது' என்னும் குறுஞ்செய்தி மட்டும் மூன்று முறை வந்தது. ஒன்பது நாட்கள் இவ்வாறு கழிந்தன. "குரல் கேட்கிறது, அது போதும்" என்று தகப்பனார் சொன்னார். ஆனால் காயம் சிவந்திருக்கிறதா என்பதைக் குரல் காட்டாதல்லவா?

இத்தகைய வேளையில் கோபத்தினும் குறிப்பேடு பயன் தரும். ஒவ்வொரு முறையீட்டுக்கும் பதிவெண் பெறும் உரிமை நமக்கு உண்டு. 2012-ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி, நிறுவனம் முதலில் முறையீட்டைப் பதிந்து தீர்க்க வேண்டும். தீராவிடில் அந்நிறுவனத்திலேயே உள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். நாங்கள் மூன்று பதிவெண்களையும் தேதிகளையும், சிவப்பு விளக்கின் நிழற்படத்தையும், பொருத்திய நாளில் குறித்து வைத்த கழித்தல் 19 என்னும் எண்ணையும் சேர்த்து மேல்முறையீடு அனுப்பினோம். மறுநாள் ஆள் வந்தார். கீழ்மாடியில் குளிர்பதனப் பெட்டி பொருத்தியவர்கள் இழையை இரும்புச் சட்டத்தின் அடியில் நசுக்கியிருந்தனர். இருபது நிமிடத்தில் ஒட்டு முடிந்தது. அன்று மாலை தகப்பனாரின் காயத்தைக் கண்ணாரக் கண்டோம். அது ஆறி வந்துகொண்டிருந்தது. ஒன்பது நாளைய கட்டணம், எழுதிக் கேட்டபின், அடுத்த பட்டியலில் கழிக்கப்பட்டது.

மேல்முறையீட்டிலும் தீர்வு கிட்டாவிடில் என் செய்வது? ஒழுங்குமுறை ஆணையம் தனிப்பட்டவர் வழக்குகளை விசாரிப்பதில்லை. ஆயினும் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். தொலைத்தொடர்புச் சேவை பற்றிய குறைகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்பளித்துள்ளது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஊர் மாறும்போது இணைப்பை முறைப்படி ஒப்படைத்து, கருவியைத் திருப்பித் தந்ததற்கு இரசீது பெறுவதும் மறக்கலாகாதது. இரசீது இல்லாவிடில், நாம் இல்லாத ஊரில் நம் பெயரில் பாக்கி வளரும்.

இத்தனை முயற்சியும் எதற்காக என்று சிலர் கேட்கலாம். வெளிமாநிலத்தில் வளரும் நம் குழந்தைகளுக்குத் தமிழ் பெரும்பாலும் காதுமொழியாகவே நின்றுவிடுகிறது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக அளித்து வருகிறது. 2001-இல் தோன்றிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும் பாடங்களும் வீட்டிலிருந்தே கிடைக்கின்றன. சிற்றலையில் கரகரத்த ஒலியினூடே தமிழ் கேட்ட தலைமுறையினர், இன்று வானொலி நிலையங்களை இணையத்தின் வழியே தெளிவாகக் கேட்கின்றனர். தமிழர் மிகுதியாக வாழும் அந்தமான் தீவுகளுக்கு, சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி இழை 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோளை நம்பியிருந்த தீவினருக்கு அது எத்தகைய மாறுதல் என்பதை அவர்களே அறிவர்.

ஒன்றே ஒன்று கூறி முடிக்கிறோம். உள்ளூர் மொழி அறியாத காரணத்தால் விண்ணப்பம் எழுதத் தயங்கும் வயோதிகர்கள் நம் ஒவ்வொருவர் தெருவிலும் இருப்பர். அவர்களுடைய மகனோ மகளோ வேறொரு நாட்டில் இருப்பார்கள். மொழி தெரிந்த ஒருவர் ஒரு பிற்பகல் நேரத்தை ஒதுக்கி, அவர்களுடன் அமர்ந்து விண்ணப்பத்தைப் படித்துக் காட்டி, இழை பொருத்தும் நாளில் உடனிருந்து, முறையீட்டு எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். நம் ஊர்களிலே கடிதம் படித்துக் காட்டுவோர் முன்பு இருந்தனர். அந்தப் பணி இன்றும் தீர்ந்துவிடவில்லை.